பழைய ஆட்டோமேட்டிக் காரில் பிக்கப் குறைவதும் கியர் வழுக்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் பேசப்படுபவை பெரும்பாலும் 1990களிலும் 2000களிலும் வெளிவந்த, டார்க் கன்வெர்ட்டரோடு (என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் பாகம்) நான்கு, ஐந்து அல்லது ஆறு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் கார்கள். சி.வி.டி. (கியர் படிகள் இல்லாதது), ஏ.எம்.டி. (கிளட்சைக் கருவி இயக்கும் மேனுவல்) வகைகளுக்குத் தனியே ஒரு கேள்வி உண்டு.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி முன்போல் இழுப்பதில்லை. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். “பிக்கப் இல்லை” என்ற ஒரே புகாருக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். என்ஜினே போதிய ஆற்றலைத் தராமல் இருக்கலாம். என்ஜின் தருவதைக் கியர்பாக்ஸ் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்காமல் இருக்கலாம். இரண்டும் நன்றாக இருந்தும் ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு இழுக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஆர்.பி.எம். மீட்டரும் வேகமானியும் போதும்.

சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்திப் பாருங்கள். ஆர்.பி.எம். முள் விருட்டென்று ஏறி, வேகமானி முள் அதற்கு ஈடுகொடுக்காமல் மெதுவாக நகர்ந்தால், கியர் வழுக்குகிறது என்று பொருள். அது கியர்பாக்ஸ் சார்ந்தது. (கியர் ஒரு படி இறங்கும்போதும் முள் ஏறும், ஆனால் அப்போது வண்டியும் கூடவே பாயும்.) இரண்டு முள்ளும் சோம்பலாக ஒன்றாகவே ஏறினால், என்ஜினுக்குத்தான் மூச்சு முட்டுகிறது. பிரேக் பிடித்துக்கொள்கிறதா என்று அறிய, அதிகம் பிரேக் போடாமல் சிறிது தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள்; ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் குற்றவாளி அங்கே இருக்கிறது. கியர்பாக்ஸைக் கழற்றச் சொல்லும் எவரிடமும், இந்த மூன்றில் எது என்று எப்படித் தீர்மானித்தீர்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

ஆர்.பி.எம். ஏறுகிறது, வண்டி நகர்வதில்லை. உள்ளே என்னதான் நடக்கிறது?

எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்றே மற்றொன்றைச் சுழற்றும். டார்க் கன்வெர்ட்டரின் வேலையும் அதுவே. காற்றுக்குப் பதிலாக ஆயில். என்ஜினோடு பிணைந்த பாகம் ஆயிலை வீசுகிறது, கியர்பாக்ஸோடு பிணைந்த பாகம் அதை வாங்கிச் சுழல்கிறது, நடுவே ஸ்டேட்டர் என்னும் பாகம் திரும்பி வரும் ஆயிலைத் திசைமாற்றி, நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது இழுவிசையைப் பெருக்கித் தருகிறது. அதற்கு அப்பால், எந்தக் கியர் என்பதைத் தீர்மானிப்பவை கிளட்ச் தட்டுகளும் பட்டைகளும். அவற்றை இறுக்கிப் பிடிப்பதும் ஆயிலின் அழுத்தம்தான்.

ஆகவே அழுத்தம் குறைந்தால் பிடி தளர்கிறது. ஆயில் குறைந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்பு தேய்ந்திருக்கலாம், ரப்பர் சீல்கள் இறுகி அழுத்தத்தைக் கசியவிடலாம், வால்வு பாடியில் (ஆயிலை உரிய கிளட்ச்சுக்குத் திருப்பிவிடும் பாகம்) உள்ள வால்வு சிக்கியிருக்கலாம், அல்லது தட்டுகளின் உராய்வுப் பூச்சே தேய்ந்து போயிருக்கலாம். முதல் இரண்டும் எளிய வேலைகள். கடைசி, கியர்பாக்ஸைப் பிரித்தாக வேண்டிய வேலை. வழுக்கலோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் உராய்வுச் சூடு தட்டுகளைக் கருக்கும். எளிய வேலை பெரிய வேலையாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

எல்லாக் கியரிலும் வழுக்குகிறதா, ஒரு கியரில் மட்டுமா என்று கவனித்து வையுங்கள். எல்லாவற்றிலும் என்றால் ஆயில், பம்பு, ஃபில்டர் போன்ற பொதுவான காரணம். ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கியருக்குரிய கிளட்ச் அல்லது சலனாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு).

ஆயில் அளவை எப்படிச் சரியாகப் பார்ப்பது?

என்ஜின் ஆயிலைப் பார்ப்பது போல வண்டியை அணைத்துவிட்டுப் பார்ப்பது பெரும்பாலான கார்களில் தவறான அளவைக் காட்டும். வழக்கமான முறை இது: வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடியே கியர் லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி, மீண்டும் ‘பி’யில் வைத்து, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவுக் கம்பியை) உருவித் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டா கார்கள் பலவற்றில் இதற்கு விலக்கு உண்டு. அவற்றில் சூடான என்ஜினை அணைத்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். எனவே கையேட்டைப் பார்த்துவிட்டே கம்பியைத் தொடுங்கள்.

டிப்ஸ்டிக்கே இல்லாத கார்களில், ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது அடியில் உள்ள அளவுத் திருகைத் திறந்து, வழிகிறதா என்று பார்ப்பார்கள். இதை வண்டியைச் சமமாகத் தூக்கி நிறுத்தும் வசதியுள்ள இடத்தில் செய்வதே நல்லது.

அளவு குறைந்திருந்தால் ஊற்றுவது மட்டும் போதாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை எரித்துத் தீர்ப்பதில்லை. குறைந்தது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஆக்சில் சீல், அடித்தட்டின் கேஸ்கெட், ரேடியேட்டருக்குப் போகும் குழாய்களின் இணைப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றுவதும் கேடு: சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைத்த ஆயிலால் அழுத்தம் தர முடியாது, குறைவாக இருந்தபோது தெரிந்த அதே வழுக்கல் திரும்ப வரும்.

ஆயிலின் நிறத்தை வைத்து என்ன சொல்ல முடியும்?

டிப்ஸ்டிக்கின் முனையில் உள்ள ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வையுங்கள். சொட்டு சீராகப் பரவி, ஓரம்வரை சிவப்பாகவோ இளம்பழுப்பாகவோ ஒளி ஊடுருவும்படி இருந்தால் ஆயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நடுவில் கரும்புள்ளி தங்கி, சுற்றிலும் மட்டும் ஈரம் பரவினால் அதில் தேய்மானத் துகள்கள் மிதக்கின்றன. மோந்தும் பாருங்கள், கருகிய நெடி அடித்தால் தட்டுகள் சூட்டில் வெந்திருக்கின்றன, அந்த நிலையில் ஆயில் மாற்றுவது ஆறுதலே தவிர மருந்தன்று. எல்லா ஆயிலும் சிவப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை என்பதால், நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

கலங்கிய இளஞ்சிவப்பு நிறத்தில், பால் கலந்தது போல் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது உள்ளே விரிசல் கண்டால் கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும். கிளட்ச் தட்டின் உராய்வுப் பூச்சை ஒட்டிவைக்கும் பசையை அது இளக்கிவிடும். பழைய ரேடியேட்டர் உள்ள காரில் இது புறக்கணிக்கக் கூடாத ஆபத்து.

ஆயில் மாற்றினால் சரியாகிவிடுமா? மாற்றிய பிறகே கியர்பாக்ஸ் போனது என்று பலர் சொல்கிறார்களே?

இந்தப் பேச்சில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் காரணம் தலைகீழாகச் சொல்லப்படுகிறது. பெரும்பாலோர் கியர் வழுக்கத் தொடங்கிய பிறகே ஆயிலைப் பற்றி நினைக்கிறார்கள். அதற்குள் தட்டுகள் தேய்ந்திருக்கும். புதிய ஆயில் தேய்ந்ததை வளர்த்துத் தராது. நின்றுபோக வேண்டிய கியர்பாக்ஸ் நின்றுபோகும், பழி ஆயில் மேல் விழும். இன்னொரு பக்கம், இயந்திரத்தை வைத்து அழுத்தத்தோடு முழு ஆயிலையும் தள்ளி வெளியேற்றும்போது, ஆண்டுக்கணக்கில் அடியில் படிந்திருந்த கசடு கிளம்பி வால்வு பாடியின் நுண்ணிய வழிகளில் போய் அடைக்க வாய்ப்பு உண்டு.

நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் எப்போது ஆயில் மாற்றியது என்றே தெரியாத பழைய காருக்கு, என் பரிந்துரை படிப்படியான மாற்றம். அடித்திருகைத் திறந்தால் மொத்த ஆயிலில் பாதிக்கும் குறைவாகவே பெரும்பாலும் வெளியேறும். மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். வெளியேறிய அளவையே அளந்து திரும்ப ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி அதையே செய்தால், இரண்டு மூன்று சுற்றில் பெரும்பகுதி புதிதாகிவிடும். ஒரு சுற்றிலாவது அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள். தட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தங்களைக் கண்ணால் பாருங்கள்: அவற்றின் மேல் பசை போன்ற மெல்லிய சாம்பல் படிவு இருப்பது இயல்பு. விரலில் நெருடும் உலோகத் தூளோ, செதில்களோ, கறுப்பான உராய்வுப் பூச்சுத் துண்டுகளோ இருந்தால், ஆயிலுக்குச் செலவழிப்பதை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

“ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்” என்று எழுதப்பட்ட ஆயிலையும் நான் நம்புவதில்லை. பல கார் நிறுவனங்களுக்குக் கியர்பாக்ஸ் தயாரித்துத் தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது.

எந்த ஆயில் ஊற்றினாலும் ஒன்றுதானே?

இல்லை. டெக்ஸ்ரான், மெர்கான், டொயோட்டாவின் டி-4, ஹோண்டாவின் டி.டபிள்யூ-1 ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உராய்வுத் தன்மைக்காகக் கலக்கப்பட்டவை. தவறான ஆயில் ஊற்றினால் கியர் விழும்போது உதறலோ வழுக்கலோ வரலாம். கையேட்டில் உள்ள தரக்குறியீடு புட்டியின் மேலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

‘டி’யில் போட்டதும் சற்று நேரம் கழித்தே வண்டி பிடிக்கிறது. ஏன்?

லீவரை நகர்த்தியதிலிருந்து ஒரு நொடி, மிஞ்சினால் ஒன்றரை நொடிக்குள் கியர் பிடிக்க வேண்டும். காலையில் முதல்முறை மட்டும் தாமதித்து, பிறகு சரியாகிவிட்டால், இரவில் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் வடிந்திருக்கலாம், அல்லது இறுகிப்போன சீல்கள் சூடேறிய பின்னரே இளகி அடைக்கின்றன. சூடான பிறகும் தாமதம் நீடித்தால் ஆயில் அளவு, ஃபில்டர், பிறகு அழுத்தம் என்ற வரிசையில் பாருங்கள். காத்திருக்கும் நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஓங்கிச் சுழலும் என்ஜினோடு கிளட்ச் திடீரென்று மோதும் அந்த அடி, தேய்ந்த பாகங்களை இன்னும் சிதைக்கும்.

60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் வண்டி உதறுகிறது. வேகத்தைக் கூட்டினால் நின்றுவிடுகிறது.

சீரான வேகத்தில் போகும்போது ஆயில் வழியான இணைப்பில் ஆற்றல் வீணாகாமல் இருக்க, டார்க் கன்வெர்ட்டருக்குள் உள்ள லாக்-அப் கிளட்ச் இரு பக்கத்தையும் நேரடியாகப் பூட்டிவிடும். பூட்டும் நொடியில் ஆர்.பி.எம். முள் இன்னொரு கியர் விழுந்தது போலச் சிறிது இறங்கும். அந்தக் கிளட்ச் முழுமையாகப் பிடிக்காமல் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வந்தால், கரடுமுரடான சாலையில் ஓடுவது போன்ற உதறல் வரும்.

ஆனால் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டாலும் அச்சாக இதே உதறல்தான் வரும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. பின்னால் வண்டி எதுவும் இல்லாதபோது, உதறல் வரும் வேகத்தில் வலது காலை ஆக்ஸிலரேட்டரில் அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் மெல்லத் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் இயங்கியதும் லாக்-அப் விடுபடும். உதறலும் அந்தக் கணமே நின்றால் கோளாறு லாக்-அப்பில். தொடர்ந்தால் பிளக், காயில் பக்கம் போங்கள். லாக்-அப் உதறல் தொடக்க நிலையில் இருந்தால், சரியான தரத்தில் புதிய ஆயில் போட்டதும் மறைந்துவிடுவது உண்டு. ஆயில் மாற்றம் உண்மையிலேயே மருந்தாகும் அரிதான இடம் இது.

ஆர்.பி.எம்மும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை. என்ஜினில் எதை முதலில் பார்ப்பது?

ஏர் ஃபில்டர், பிளக், காயில் ஆகியவற்றைப் பார்த்து முடித்துவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதன் பிறகும் தீரவில்லை என்றால், பழைய காரில் அதிகம் சந்தேகப்பட வேண்டியவை காற்றை அளக்கும் சென்சார், எரிபொருள் அழுத்தம், அடைத்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) ஆகிய மூன்றும்.

காற்றளவு சென்சாரின் நுண்கம்பியில் தூசி படிந்தால், உள்ளே வரும் காற்றைக் குறைத்துச் சொல்லும்; கணினியும் எரிபொருளைக் குறைத்தே தெளிக்கும். அதற்கென்றே உள்ள தெளிப்பான் கொண்டு தூரத்திலிருந்து தெளித்துக் கழுவலாம். கம்பியைத் துணியாலோ பஞ்சாலோ தொட்டால் அறுந்துவிடும்.

எரிபொருள் பக்கக் கோளாறு சும்மா நிற்கும்போது தெரியாது. மேட்டில் ஏறும்போதும் முந்திச் செல்லும்போதும் தலைகாட்டும். ஸ்கேனரில் (காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் கருவி) எரிபொருள் திருத்த அளவை, அதாவது கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைப் பாருங்கள். நின்றபடி ஓடும்போது மிகுந்த கூட்டல் காட்டி, ஆர்.பி.எம். ஏற ஏறச் சரியாகிவிட்டால், எங்கோ வாக்கும் (வெற்றிட உறிஞ்சல்) குழாய் வழியே காற்று கசிந்து உள்ளே போகிறது. நேர்மாறாக, சுமை கூடக் கூடக் கூட்டலும் ஏறிக்கொண்டே போனால், எரிபொருள் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது எரிபொருள் பம்பு களைத்துவிட்டது, அல்லது அந்தக் காற்றளவு சென்சாரே பொய் சொல்கிறது. அழுத்தமானியைப் பொருத்தி அளந்துவிட்டால் ஐயம் தீரும்.

அடைத்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர்தான் மூன்றிலும் அதிகம் ஏமாற்றும். வண்டி எளிதாகப் புறப்படும், சிறிது தூரம் நன்றாக ஓடும், பிறகு வேகம் ஏறவே மறுக்கும். கியர் மேலே போகாமல் தங்கி நிற்பதால் கியர்பாக்ஸ் கோளாறு என்றே தோன்றும். வாக்கும் மானியை இன்டேக்கில் இணைத்து என்ஜினை 2,500 ஆர்.பி.எம்மில் நிலையாக வைத்துப் பாருங்கள். முள் தொடக்கத்தில் நன்றாக நின்று, பிறகு நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால், புகை வெளியேற வழியில்லை. அடைத்த கன்வெர்ட்டரை மட்டும் மாற்றாமல், அது ஏன் அடைத்தது என்பதையும் கேளுங்கள். சரியாக எரியாத சிலிண்டரோ, ஆயில் குடிக்கும் என்ஜினோ புதியதையும் அடைத்துவிடும்.

முழுவதும் மிதித்தாலும் கீழ் கியருக்கு இறங்குவதில்லை.

கணினி வராத காலத்துக் கியர்பாக்ஸ்களில் த்ராட்டிலிலிருந்து (என்ஜினுக்குள் காற்றை விடும் கதவு) ஒரு கேபிள் போகும். நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதை அதுவே கியர்பாக்ஸுக்குத் தெரிவிக்கும். கேபிள் தளர்ந்தால் கியர் அவசரமாக மேலே ஏறிவிடும், இறங்க மறுக்கும். சில வகைகளில் இதே கேபிள் உள்ளழுத்தத்தையும் தீர்மானிப்பதால், தளர்ந்த கேபிளோடு ஓட்டினால் கிளட்ச் கருகும். மின்னணுக் கட்டுப்பாடு வந்த கார்களில் அந்த வேலையை த்ராட்டில் சென்சார் செய்கிறது. சாவியை மட்டும் திருகி, பெடலை மெதுவாக அழுத்திக்கொண்டே ஸ்கேனரில் பார்த்தால், அளவு இடையில் துள்ளாமல் சீராக ஏற வேண்டும். கால்விரிப்பு பெடலுக்கடியில் மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அதுவும் நடக்கிறது.

கடைசி கியர் விழுவதே இல்லை. ஆனால் வழுக்கல் எதுவும் இல்லை.

முதலில் கடைசி கியரைத் தடுக்கும் ‘ஓவர்டிரைவ் ஆஃப்’ பொத்தான் தெரியாமல் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து என்ஜினின் வெப்பமானி. என்ஜின் உரிய சூட்டை எட்டும்வரை பல கார்கள் கடைசி கியரையும் லாக்-அப்பையும் அனுமதிப்பதில்லை. தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடியே சிக்கிவிட்டால் என்ஜின் சூடேறாது, கியரும் விழாது. அந்தச் சிறு பாகத்தை மாற்றினாலே போதும்.

திடீரென்று ஒரே கியரில் நின்றுகொண்டது, விளக்கும் எரிகிறது.

கணினி ஆபத்தை உணர்ந்து தற்காப்பு நிலைக்குப் போயிருக்கிறது. இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் மட்டும் ஓடி வீடு சேரும்படி விட்டிருக்கிறது. பழைய ஹோண்டாக்களில் ‘டி4’ விளக்கும், டொயோட்டாக்கள் பலவற்றில் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கும் விட்டுவிட்டு எரிவது இதற்கான அடையாளம். கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டை ஸ்கேனரில் படியுங்கள். பி0700 என்பது கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்ற அறிவிப்பு மட்டுமே. அதன் பின்னால் உள்ள குறியீடுதான் முக்கியம். பி0715, பி0720 வேக சென்சார்களையும், பி0740 வரிசை லாக்-அப்பையும், பி0750 வரிசை சலனாய்டுகளையும், பி0730 எதிர்பார்த்த விகிதத்தில் கியர் சுழலவில்லை என்பதையும் குறிக்கும். குறியீடு பாகத்தின் பெயரைச் சொன்னாலும், அந்தப் பாகமே கெட்டது என்று பொருளில்லை. அதற்குப் போகும் ஒயரும் இணைப்பும் பழைய காரில் சம அளவு சந்தேகத்துக்குரியவை. பேட்டரி மின்னழுத்தம் தாழ்ந்தாலே பொய்க் குறியீடுகள் வரக்கூடும்.

பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தும் ‘ஸ்டால்’ சோதனையை நானே செய்யலாமா?

வேண்டாம். என்ஜினின் மொத்த ஆற்றலும் ஆயிலுக்குள் சூடாக மாறுவதால், ஐந்து நொடிக்கு மேல் நீடித்தால் கியர்பாக்ஸ் பாழாகும். பிரேக் விட்டுக்கொடுத்தால் முன்னால் நிற்பவர் கதி என்ன? பயிற்சி உள்ளவர் செய்தால் பயன் உண்டு: உரிய அளவைவிட ஆர்.பி.எம். அதிகமாக ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. மிகவும் குறைவாக நின்றால் என்ஜின் பலவீனம், அல்லது ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் பழுது.

மிதிக்காமலே வேகம் ஏறுகிறது, அல்லது பெடல் மேலே வர மறுக்கிறது. என்ன செய்வது?

ஓடும்போது நேர்ந்தால், பிரேக்கை உறுதியாக ஒரே அழுத்தமாக மிதித்து, லீவரை ‘என்’னுக்குத் தள்ளுங்கள். என்ஜின் அலறும், அலறட்டும். வண்டி நின்ற பிறகே என்ஜினை அணையுங்கள். ஓட்டத்திலேயே சாவியைக் கடைசிவரை திருகினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கவும் கூடாது. த்ராட்டில் திறந்திருக்கையில் பிரேக் பூஸ்டருக்கான வாக்கும் கிடைக்காததால், ஒவ்வொரு மிதிக்கும் உதவி குறைந்துகொண்டே போகும். கால்விரிப்பு, நார் பிரிந்த கேபிள், கரி படிந்த த்ராட்டில் தட்டு ஆகியவை வழக்கமான காரணங்கள். காரணத்தைக் கண்டு சரிசெய்யும்வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

சி.வி.டி., ஏ.எம்.டி. கார்களுக்கும் இவை பொருந்துமா?

என்ஜின், பிரேக் பக்கச் சோதனைகள் பொருந்தும். கியர்பாக்ஸ் பக்கம் அப்படியே பொருந்தாது. சி.வி.டி.யில் கியர் படிகளே இல்லாததால், மிதித்தவுடன் ஆர்.பி.எம். முன்னே ஓடுவது அதன் இயல்பு; அதை வழுக்கல் என்று எண்ண வேண்டாம். அதற்கென்று உள்ள ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது. அதில் வழுக்கினால் பெரும்பாலும் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது.

வழியில் நின்றுவிட்டால் கட்டி இழுத்துச் செல்லலாமா?

ஓட்டும் சக்கரங்கள் (என்ஜின் சுழற்றுபவை) தரையில் உருள இழுக்கக் கூடாது. கியர்பாக்ஸுக்கு ஆயில் தரும் பம்பை என்ஜின்தான் சுழற்றுகிறது. என்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே பாகங்கள் ஆயிலின்றி உரசும். அந்தச் சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் தளத்தில் ஏற்றியோ கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கடைசியில் கியர்பாக்ஸைத்தான் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது. பிரித்துப் பழுதுபார்ப்பதா, பழைய கியர்பாக்ஸ் ஒன்றை வாங்கிப் பொருத்துவதா?

வேறொரு காரிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸ் விரைவில் பொருத்தப்படும், ஆனால் அதன் கடந்தகாலம் யாருக்கும் தெரியாது. பொருத்துவதற்கு முன் அடித்தட்டைத் திறந்து காந்தத்தைப் பார்க்க விற்பவர் ஒப்புக்கொண்டால் மட்டுமே அதை நாடுவேன். இந்த வேலையையே தொழிலாகச் செய்யும் நல்ல மெக்கானிக் கிடைத்தால் பிரித்துப் பழுதுபார்ப்பதே மேல். அவரிடம், எது உடைந்தது என்பதோடு ஏன் உடைந்தது என்றும் கேளுங்கள். கருகிய தட்டுகளை மாற்றிவிட்டு, அவற்றைக் கருக்கிய அழுத்தக் கசிவை விட்டுவைத்தால் புதிய தட்டுகளும் அதே வழியில் போகும். எந்த வழியைத் தேர்ந்தாலும், பழைய கியர்பாக்ஸ் சிதைந்தபோது கிளம்பிய துகள்கள் ஆயில் கூலரிலும் அதன் குழாய்களிலும் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவித் துடைக்கவோ மாற்றவோ செய்யாமல் புதியதைப் பொருத்தினால், என்ஜினை முதன்முறை கிளப்பியதுமே அந்தத் துகள்கள் நேராக அதற்குள் போகும். பிரித்துப் பழுதுபார்க்கும்போது டார்க் கன்வெர்ட்டரையும் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள், அல்லது வெட்டித் திறந்து சுத்தம் செய்து தரும் இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெளியிலிருந்து ஆயில் ஊற்றிக் குலுக்கினால் அதன் உட்புறம் சுத்தமாகாது.